ஜன்னத்தும் கொடிக்காலும்: நிழலில் விளையும் மருந்துச் சரக்குகள்

அரபு மொழியில் தோட்டத்தைக் குறிக்கும் ‘ஜன்னத்’ என்னும் சொல் ‘ஜன்ன’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. மூடுதல், மறைத்தல் என்பது அவ்வினையின் பொருள். கண்ணுக்குப் புலப்படாத படைப்பாகிய ஜின்னும், தாயின் கருவறையில் மறைந்திருக்கும் ‘ஜனீன்’ எனும் சிசுவும், போர்வீரனின் உடலை மறைத்துக் காக்கும் ‘ஜுன்னத்’ எனும் கேடயமும் இதே வேரில் கிளைத்தவையே. இமாம் ராகிப் அல் இஸ்பஹானீ (ரஹ்) அவர்கள் குர்ஆனியச் சொற்களுக்கென இயற்றிய அகராதியில், மரங்கள் அடர்ந்து நிலத்தை மறைத்து நிற்கும் தோட்டமே ஜன்னத் என்று விளக்குகிறார்கள். ஆகவே, ஒரே பயிரை வரிசை பிடித்து நட்டு, இடையில் வெற்று மண் வெயிலில் வெந்து கிடக்கும் தோப்பு, அகராதிப் பொருளில் ஜன்னத் ஆகாது.

அருள்மறையின் 18ஆம் அத்தியாயம் 32ஆம் வசனம் இரு தோட்டங்களுக்கு உரியவனான ஒரு மனிதனை உவமையாக்குகிறது. அங்கே திராட்சைக் கொடிகள் உள்ளன. அவற்றைச் சூழப் பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே வேளாண் பயிர் விளைகிறது. உரையாசிரியர்கள் பெரும்பாலும் அம்மனிதனின் செருக்கைப் பற்றியே விரித்துரைத்தனர். அதுவே வசனத்தின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், உயர்ந்த மரம், படரும் கொடி, தரையில் பயிர் என மூன்று அடுக்குகளாக அமைந்த அத்தோட்டத்தின் அமைப்பும் நோக்கத்தக்கதாகும். 6ஆம் அத்தியாயம் 141ஆம் வசனம் பந்தலில் படர்வனவும் படராதனவுமான தோட்டங்களை ஒருசேரக் குறிப்பிடுகிறது. இன்று ‘உணவுக்காடு’ என்று புதுப்பெயர் சூட்டி வேளாண் அறிஞர்கள் பேசும் முறை, அடிப்படையில் இத்தகைய அடுக்குத் தோட்டமே.

நம் நாட்டு நறுமணச் சரக்குகளில் பெரும்பாலானவை இத்தகைய நிழலில் பிறந்தவை என்பதை நகரவாசிகளாகிய நாம் மறந்துவிட்டோம். மயிலாப்பூர் கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டிக் கடை போன்ற பழைய நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கும் திப்பிலியும் சித்தரத்தையும் முழுச் சரக்காக இன்றும் கிடைக்கின்றன. வாங்குபவர் முகர்ந்தும் ஒடித்தும் பார்க்கலாம். தியாகராய நகரின் பேரங்காடிகளிலோ அவை அரைக்கப்பட்டு, உறையிலடைக்கப்பட்டு, அடையாளம் இழந்து நிற்கின்றன. மரத்தை அறியாதவனுக்குப் பொடியை அறிய வழியில்லை. கலப்படம் நுழைவதும், மிகையான மருத்துவ விளம்பரம் நுழைவதும் இந்த அறியாமை திறந்துவைத்த வாயிலின் வழியேதான்.

மிளகு விளையும் முறையை அரபுலகுக்கு நேர்முகமாக எடுத்துரைத்தவர்களுள் இப்னு பதூதா (ரஹ்) முதன்மையானவர். கி.பி. 1342இல் தில்லியை விட்டுப் புறப்பட்டு மலபார் வந்த அவர், மிளகுச் செடி திராட்சைக் கொடியை ஒத்திருப்பதையும், தென்னை மரங்களின் அடியில் நடப்பட்டு அவற்றின் மீதே ஏறிப் படர்வதையும் தம் பயண நூலில் பதிவு செய்தார். மேற்கு நாடுகளில் அக்காலத்தே ஒரு கதை வழங்கிற்று: மிளகை நெருப்பிலிட்டு வறுப்பதனாலேயே அதன் தோல் சுருங்குகிறது என்பது அது. இப்னு பதூதா அதனை மறுக்கிறார். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகைப் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்துவதனால்தான் அது கறுத்துச் சுருங்குகிறது என்று தாம் கண்டதைக் கூறுகிறார். தம் நாட்டில் தானியத்தை அளப்பதுபோல் கோழிக்கோட்டில் மிளகை அளந்து கொட்டுவதைப் பார்த்து அவர் வியந்தார். கி.பி. 1344இல் இலங்கையின் புத்தளக் கரையில், ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து குவித்த கறுவா மரத்துண்டுகளையும், மஃபர் நாட்டாரும் மலபாரிகளும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று அரசனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்ததையும் அவர் குறித்திருக்கிறார். மஃபர் என்பது நம் சோழமண்டலக் கரையே. கேட்டதைக் கண்டதோடு ஒப்பிட்டுத் தவறான செய்தியைத் திருத்திய அந்த முறைமை, மருத்துவச் சரக்குகளைப் பற்றி எழுதுவோர் அனைவருக்கும் வேண்டுவதாகும்.

பொருள் சென்ற வழியில் சொல்லும் சென்றது. அரபியில் மிளகைக் குறிக்கும் ‘ஃபில்ஃபில்’, திப்பிலியின் வடமொழிப் பெயரான ‘பிப்பலி’யிலிருந்து பாரசீகம் வழியே போயிற்று, திப்பிலிக்கு அரபு மருத்துவ நூல்கள் ‘தார் ஃபில்ஃபில்’ என்று தனிப்பெயர் வழங்கின. 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனத்தில் சுவனவாசிகளின் பானத்தில் கலந்திருப்பதாகக் கூறப்படும் ‘ஸன்ஜபீல்’ இஞ்சியே. அச்சொல்லின் மூலத்தில் நம் ‘இஞ்சி’யும் ‘வேரும்’ ஒலிப்பதாக மொழியறிஞர் பலர் கருதுவர். ஏலக்காயின் ‘ஹால்’ அல்லது ‘ஹைல்’, தாம்பூலத்தின் ‘தன்பூல்’, தேங்காயின் ‘நார்ஜீல்’ ஆகியனவும் இந்நிலத்திலிருந்து கப்பலேறியவையே. புளியை அரபிகள் ‘தம்ர் ஹிந்தீ’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். பேரீச்ச மரத்துக்கும் புளிய மரத்துக்கும் உறவேதும் இல்லை என்றாலும், பழத்தின் சதைப்பற்றைக் கண்டு வைத்த பெயர் அது.

மிளகுக் கொடியின் இயல்பைச் சற்று விரிவாகக் காண்போம். காட்டில் பெரு மரங்களின் கீழ் வளர்ந்த கொடியாதலின், அதற்குச் சலித்த வெயில் வேண்டும். முழு வெயிலில் இலை கருகும். முழு இருளில் சரம் பிடிக்காது. நல்ல மழையும், ஈரக் காற்றும், வேரில் நீர் தேங்காத மண்ணும் அதன் தேவைகள். பூவின் மகரந்தம் பரவுவதற்குச் சரத்தின் மீது வழிந்தோடும் மழைத்துளி பெரிதும் உதவுகிறது. நீர் தேங்கினால் ‘ஃபைட்டோப்தோரா’ எனும் நுண்ணுயிரியால் வாடல் நோய் கண்டு, செழித்த கொடி சில வாரங்களில் மடிந்துபோகும். ஆகவே மிளகுக்கு மரம் ஏணி மட்டுமன்று, குடையும் ஆகும். உதிரும் இலை எருவாகிறது. நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. பல்வகை மரங்களில் தங்கும் பறவையும் பூச்சியும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைக்கின்றன. கொல்லி மலையில் பலாவிலும் சில்வர் ஓக் மரத்திலும் மிளகு ஏறுகிறது; கீழே காப்பி நிற்கிறது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்தில் காப்பி, மிளகு, ஏலம், மலைவாழை ஆகியன காட்டு மரங்களின் நிழலைப் பகிர்ந்துகொள்கின்றன. கன்னியாகுமரி மாவட்ட மலைத் தோட்டங்களின் கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கையின் கண்டி வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களோ இம்முறையின் உச்சம் எனலாம்: தென்னை, கமுகு, பலா ஆகியவற்றின் கீழே சாதிக்காயும் கிராம்பும், அவற்றின் கீழே கறுவாவும் காப்பியும், தரையில் இஞ்சியும் மஞ்சளும் எனச் சிறு நிலத்துக்குள் பல அடுக்குகள். சாதிக்காயின் தாயகமான பண்டாத் தீவுகளிலும் அம்மரம் உயர்ந்த கெனாரி மரங்களின் நிழலில்தான் வளர்கிறது. 1621இல் டச்சுக்காரர்கள் அத்தீவு மக்களைக் கொன்று குவித்ததற்குக் காரணமும் அந்தக் காய்தான். அது தனிக் கட்டுரைக்குரியது.

மலைநாட்டுக்கே உரியது இம்முறை என்று எண்ணிவிட வேண்டியதில்லை. சமவெளித் தமிழகத்துக்கும் சொந்தமான அடுக்குத் தோட்டம் ஒன்று உண்டு. அதுவே கொடிக்கால். அகத்தியை வரிசையாக வளர்த்து, அதன் தண்டில் வெற்றிலைக் கொடியைக் கட்டி, ஓரங்களில் வாழையும் தென்னையும் நிறுத்தி, வாய்க்காலில் நீர் பாய்ச்சுவது கொடிக்கால் வேளாண்மை. வெற்றிலை, மிளகு, திப்பிலி மூன்றும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அகத்திக் கீரை உணவாகிறது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகிறது, அதன் வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாரூரில் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் கொடிக்கால்பாளையத்தின் பெயரிலேயே இவ்வேளாண்மை பதிந்து கிடக்கிறது. இப்னு பதூதாவும் வெற்றிலைக் கொடி பந்தலிலும் தென்னையிலும் படர்வதைக் கண்டு எழுதினார். ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை: இலைக்குள்ள நற்பெயரைப் பாக்குக்கும் புகையிலைக்கும் நீட்டித்துவிடலாகாது. பாக்கு புற்றுநோய்க் காரணி என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே ஐயத்திற்கிடமின்றி அறிவித்துவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு பகுதியில் உழவர்கள் சமவெளி மரங்களிலேயே மிளகை ஏற்றிக் காய்க்கச் செய்திருப்பது, மலை இல்லாவிடினும் நிழல் இருந்தால் போதும் என்பதற்குச் சான்றாகும்.

இத்தோட்டங்களின் விளைச்சலுக்கு மார்க்கக் கடமை என்ன என்று மாணவர்கள் வினவுவதுண்டு. ஹனஃபீ மத்ஹபின் மூலவரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், விறகு, புல் போன்ற சிலவற்றைத் தவிர, நிலம் விளைவிப்பன அனைத்திலும் மழைநீரில் விளைந்தால் பத்தில் ஒன்றும், இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்றும் வழங்க வேண்டும் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ சேமித்து உண்ணத்தக்க பிரதான உணவில் மட்டுமே அக்கடமை உண்டு. மிளகும் ஏலமும் அதில் அடங்கா. மலையில் தோட்டமும் சென்னையில் வீடும் உடையோர் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் இதனைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

இனி, பயன்களைக் காண்போம். இங்கேதான் நாவையும் எழுதுகோலையும் அடக்க வேண்டியிருக்கிறது. இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பது, கருவுற்ற மகளிரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளாலும் ஆதரிக்கப்படுகிறது. உலரும்போது இஞ்சியின் காரப்பொருள் வேதிமாற்றம் அடைந்து மேலும் காரமானதாகிறது. இஞ்சியையும் சுக்கையும் நம் முன்னோர் இரு வேறு சரக்குகளாகக் கொண்டதற்கு இது ஒரு நியாயம். கிராம்பின் யூஜினால் எண்ணெய் பல் மருத்துவரின் அறையில் இன்றும் பயன்படுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமினை உடல் எளிதில் ஏற்பதில்லை. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் அதனுடன் மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் அது சேரும் அளவு மனிதரிடம் இருபது மடங்கு உயர்ந்ததைக் கண்டனர். மஞ்சளையும் மிளகையும் ஒன்றாகச் சேர்த்த நம் இல்லத்து இரசத்துக்கு இது ஒரு பாராட்டு. ஆனால் ஆய்வில் தரப்பட்டது பிரித்தெடுத்த குர்குமின் இரண்டு கிராம். மஞ்சள் தூளிலோ அப்பொருள் நூற்றில் மூன்று பங்களவே உண்டு. இரசத்தை மாத்திரையாகக் கருதிவிடலாகாது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் அண்மை ஆண்டுகளில் பதிவாகியுள்ளது. சாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. நிழலில் விளைந்தது என்பதனாலேயே ஒரு சரக்கின் வீரியம் மிகும் என்று சொல்வதற்குமில்லை. வகையும், பறிக்கும் பருவமும், உலர்த்தும் முறையுமே வீரியத்தை நிர்ணயிக்கின்றன.

கருஞ்சீரகம் காட்டு விளைபொருள் அன்று. வடஇந்திய வயல்களில் குளிர்காலத்தில் விளைவது. எனினும் இப்பேச்சில் அதனைத் தவிர்க்க இயலாது. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரீயில் இடம்பெற்ற ஆதாரபூர்வமானது. இதை உறையில் அச்சிட்டு விற்போர், இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இதற்கு எழுதிய விளக்கத்தை அச்சிடுவதில்லை. 46ஆம் அத்தியாயம் 25ஆம் வசனத்தில், காற்று ‘எல்லாவற்றையும்’ அழித்ததாகக் கூறப்படுவது, அழியும் தன்மையுடைய எல்லாவற்றையும் என்றே பொருள்படுவது போல, இங்கும் ‘எல்லா நோயும்’ என்பது அம்மருந்துக்கு உரிய நோய்களையே குறிக்கும் என்பது அவர்கள் கருத்து. இப்னு கல்தூன் (ரஹ்) இன்னும் ஒரு படி மேலே சென்று, நபித்துவ மருத்துவம் என வழங்குவது அரபு மக்களின் வழக்கத்தைச் சேர்ந்தது, வஹீயின் பகுதியன்று என்றார். அம்முடிவை ஏற்காத ஆலிம்கள் பலர் உளர். நாமும் அத்தனை தூரம் செல்லவில்லை. ஆனால், மருந்து உட்கொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதும் ஹதீஸே. நீரிழிவுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பட்டைத் தூளை நம்பி இருப்பது அக்கட்டளைக்குக் கீழ்ப்படிவதாகாது. நீரிழிவு முதலிய நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதையும் அறிந்திருத்தல் நன்று.

பட்டை என்றதும் மற்றொன்று. நம் கடைகளில் பட்டை என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சீனா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வரும் தடித்த காசியாப் பட்டை. இலங்கைக் கறுவா மெல்லிய ஏடுகள் சுருண்டு சுருட்டைப்போல் இருக்கும். அரபு மருத்துவர்கள் ‘ஸலீகா’ என்றும் ‘தார் ஸீனீ’ என்றும் இவற்றை வேறுபடுத்தி எழுதினர். காசியாவில் உள்ள கூமரின் எனும் பொருள் நாள்தோறும் மிகுதியாகச் சென்றால் கல்லீரலுக்குத் தீங்கு. கறுவாவில் அது மிகக் குறைவு. பிரியாணிக்கு எதுவாயினும் ஆகலாம். நாள்தோறும் கஷாயம் வைத்துக் குடிப்போருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. முழுப்பட்டையில் கண்ணால் அறியும் இதனைப் பொடியில் எவர் அறிவார்?

கலப்படமோ இதனினும் கொடிது. மிளகில் உலர்ந்த பப்பாளி விதை கலப்பது பழைய கதை. மஞ்சளுக்குப் பளபளப்பூட்ட ஈயக் குரோமேட் சேர்க்கும் வழக்கத்தை 2019இல் வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அரசின் கடுமையான நடவடிக்கையால் ஈராண்டுகளில் அங்கே அது பெரும்பாலும் ஒழிந்தது என்பது ஆறுதல். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்ஸைடு எச்சத்தைக் காரணம் காட்டி, இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைத் தடுத்தன. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஈரத்தை மேலே தெரியும்படி வைக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மருந்தென நம்பி வாங்கும் சரக்கில் செய்யும் மோசடிக்கு அக்கண்டனம் இருமடங்கு பொருந்தும்.

சென்னைக்கும் நாட்டு மருந்துக்கும் உள்ள தொடர்பைத் தியாகராய நகரின் தெருப்பெயர்களே சொல்லும். உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்த சர் முகம்மது உஸ்மான், 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றியவர் என்பது பலரும் அறிந்தது. 1921இல் மாகாண அரசு அமைத்த சுதேச மருத்துவக் குழுவுக்கு அவரே தலைவர் என்பது பலர் அறியாதது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் ஆராய்ந்த அக்குழு, பல மொழிகளில் வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் எழுத்துச் சான்றுகளைப் பெற்று 1923இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாகவே 1920களின் நடுவில் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரிலான பூங்கா உஸ்மான் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. குழுவின் செயலாளரும் பள்ளியின் முதல்வருமான டாக்டர் ஸ்ரீநிவாசமூர்த்தி, பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநரானார். தங்க நகையும் பட்டும் வாங்க அச்சாலையில் நெரிசலில் நகர்வோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்நகரில் சரக்குகளை விளைவிக்க இயலுமா? ஏலமும் கிராம்பும் சாதிக்காயும் இயலாது. கோடையின் வறட்சியை அவை தாங்கா. ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்யினும், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆனால் கடற்காற்றின் ஈரம் உண்டு. அடையாறு, மயிலாப்பூர் பகுதிகளின் பழைய வீடுகளில் மாவும் தென்னையும் சில இன்னும் எஞ்சியுள்ளன. அடையாற்றில் 1882 முதல் பிரம்மஞான சபையின் வசமுள்ள பெருந்தோட்டம் நிழலின் அருமையைக் காட்டும். 2020இல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி மியாவாக்கி முறையில் அடர்வனம் ஒன்றை உருவாக்கியது. 2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயல் நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்திய பின், எஞ்சிய ஒவ்வொரு நிழலும் பெறுமதி வாய்ந்ததே.

அத்தகைய மரம் ஒன்று வாய்த்தவர்கள் அதன் அடியில் மஞ்சளும் இஞ்சியும் சித்தரத்தையும் ஊன்றலாம். மதிலோரம் கறிவேப்பிலையும் முருங்கையும், அகத்தியில் வெற்றிலையும் திப்பிலியும் வைக்கலாம். கற்பூரவல்லிக்குத் தொட்டியே போதும். கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பின் இஞ்சி தாங்காது. மழைநீரைச் சேமித்து ஊற்ற வேண்டும். பள்ளிவாசல் வளாகங்களில் ஒளூச் செய்த நீர் வீணே வடிகாலில் செல்கிறது. நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய இஞ்சியும் புதினாவும் அந்நீரிலேயே விளையும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். அதே வளாகத்தின் தரையைச் சிமெண்டினால் பூசவும் செய்கிறோம்.

மிளகை விரும்புவோர், பக்கக் கிளையிலிருந்து உருவாக்கிய புதர் மிளகைத் தொட்டியில் வளர்க்கலாம். அது ஓரிரு ஆண்டுகளில் காய்க்கும். கொடி மிளகாயின், வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், மா அல்லது பலாவின் வடக்குப் புறத்தில், தண்டிலிருந்து ஓரடி தள்ளி, நீர் தேங்காதவாறு மேடாக்கிய குழியில் வேர்விட்ட துண்டை நட வேண்டும். பற்றுவேர் பட்டையைப் பிடிக்கும் வரை தளர்வாகக் கட்டிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அடியில் சருகுகளைப் பரப்பி, மாலையில் நீர் தெளிக்க வேண்டும். முதற் சரங்கள் தோன்ற மூன்றாண்டுகள் ஆகும். சரத்தில் ஓரிரு மணிகள் சிவந்தவுடன் பறித்து, இப்னு பதூதா கண்டதுபோலவே, பாயில் பரப்பி வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம்.